கொப்பரா உங்களுடையதுதான், ஜவ்பர் நானா

ஜவ்பர் நானா இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிவிட்டார். ஹார்ட் அட்டாக்... புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அது தெரியாமல் காலையில் எழும்பியதும் அவருக்கு ஒரு கமெண்ட் போட்டேன். "என்ன நானா, சத்தத்தைக் காணோம்? தோல்வியா?" கூடவே சிரிக்கிற எமோஜி.

நிறையப் பேர் ஹாஹா போட்டிருந்தார்கள். நானும் திறந்து திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு... சிலாபத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். நானாவுக்கு ஆங்கிலச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், அது எந்த ஊர்ப் பிள்ளை என்று தேடத் தொடங்கிவிடுவார். பிளேன்டீ ஆறிப்போகும்.

எங்கள் சண்டை கொப்பராவைப் பற்றி, மில்லுக்கு வரும் காய்ந்த தேங்காய்ப் பருப்புக்கு ஆங்கிலத்திலும் அதே பெயர்தான். ஆங்கிலேயனுக்கு அந்தச் சொல் போர்த்துக்கேயனிடமிருந்து வந்தது, கதை முடிந்தது என்பது என் கட்சி.

போர்த்துக்கேயன் அதை மலையாளக் கரையில் கேட்டு எடுத்துப்போனவன், எங்கள் கொப்பரையும் அதன் சொந்தம்தான், அதற்கும் முன்னால் வடக்கே மண்டையோட்டுக்கு இருந்த பழைய சொல் என்று அவர் போய்க்கொண்டே இருப்பார்.

ஒருநாள் மூட்டைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சொன்னார். "போர்த்துக்கேயன் தந்த சொல்லுதான், பாண எடு, அலுமாரிய எடு, கதிரையயும் எடுத்துக்கோ தம்பி. கொப்பராவ மட்டும் தரமாட்டன்."

மில்லை விட்ட பிறகு சண்டை பேஸ்புக்குக்கு வந்தது. இந்த வாரம் முழுக்க என் பதிவுக்குக் கீழே பொறுமையாக விளக்கி எழுதினார். நான் ஒன்றையும் முழுதாக வாசிக்கவில்லை. என்ன சொல்லி மடக்கலாம் என்று மட்டும் பார்த்தேன்.

செய்தி தெரிந்து, பின்னேரம் பள்ளிவாசலுக்குப் போய் வெளியே மதிலோரம் நின்றேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் நானாவின் மகன் மைக்கில் பேசினார்.

"எங்கட வாப்பா ஆரையாச்சும் மனசு நோகப் பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செஞ்சிடுங்க."

வழமையாகக் கேட்பதுதான். ஆனால் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது... இன்னொரு ஹாஹா.

அவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் யாரிடம் கேட்பது?

அந்தக் கமெண்டை அழிக்கவில்லை. அழித்துவிட்டு நல்லவன் மாதிரி அஞ்சலி எழுத மனம் வரவில்லை. ஹாஹா போட்டவர்கள் மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதையெல்லாம் இப்போதுதான் முழுதாக வாசித்தேன் நானா.

கொப்பரா உங்களுடையதுதான். போய்வாருங்கள்.