கேட் சாத்தியவர்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பழைய லாரியில் தினமும் விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்கு நெல் ஏற்றி வருவேன். சில நாட்களாக வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஏதோ உறுமியது. கரியின் குற்றமென்று விட்டுவிட்டேன். இறங்கிப் பார்க்க உடம்பில் தெம்பில்லை.

அன்று ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டிகள் போகும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்கும் ஒல்லியான கேட்காரர் அருகில் வந்தார்.

"பின்சக்கரத்தைத் தொட்டுப் பாருங்க. மூணு நாளா சத்தம் சரியில்ல. கை காட்டினேன், நீங்க பாக்கல."

தொட்டேன்; சுட்டது. பேரிங் உடைந்து சக்கரமே ஆடியது. மூட்டைகள் மேல் நான்கு கூலியாட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரயில் எப்ப வரும்?" என்றேன்.

"இப்ப ரயில் ஏதுங்க? உங்கள நிறுத்தத்தான் சாத்தினேன்."

வேலைக்கே உலை வைக்கும் காரியம் அது. முன்பின் பேசியிராத எங்களுக்காக ஏன் துணிந்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.