மாடி வீட்டு அண்ணன் பிடித்த பிரேக்

அப்பாடா, என் பழைய ஜப்பான் பைக்கோட முன் பிரேக்கை இன்னைக்கு மாட்டி முடிச்சேன். பிஸ்டனைத் தேய்ச்சு, புது சீல் போட்டு, ஆயிலும் ஊத்தியாச்சு. பாக்கி, உள்ள இருக்கற ஏர் எடுக்கறதுதான்.

அதுக்கு ஒருத்தர் மேல லிவரை அழுத்திப் பிடிக்கணும். இன்னொருத்தர் கீழ உக்காந்து காத்து வெளிய போற நிப்பிளைத் திறந்து மூடணும். நான் ஒரே ஆள்.

அப்பதான் மாடி வீட்டு தனபால் அண்ணன் இறங்கி வந்தார். படிக்குக் கீழ நிக்கிற இந்த வண்டியைப் பத்தி வீட்டு ஓனர்கிட்ட கம்ப்ளைன்ட் பண்ணவரே அவர்தான்.

"இது இன்னும் போகலையா? ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுக்கலேன்னா நானே பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன்."

"சரிண்ணா. ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க."

பிடிச்சார். திட்டிக்கிட்டேதான் பிடிச்சார்.

நான் நிப்பிளைத் திறந்ததும் லிவர் சரக்குனு உள்ள போச்சு. உடைஞ்சிடுச்சுன்னு பயந்து கையை விட்டுட்டார்.

"அண்ணா, போன காத்தெல்லாம் திரும்ப உள்ள போயிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

தப்பு அவருது. இனி எப்படிப் போவார்? சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டார்.

மத்தியானம் ஆச்சு, லிவர் கல்லு மாதிரி நிக்க. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "சக்கத்தா இருக்குப்பா, சூப்பர்!"

படியேறும்போது பழையபடி கறார் குரல். "ஞாயித்துக்கிழமை இது இங்க நிக்கக் கூடாது."

பாதிப் படியில நின்னு திரும்பினார். "அன்னைக்குக் காலையில இதுல எத்தனை மணிக்குக் கெளம்பறோம்?"

பெங்களூர் அடுகோடி பக்கம் யார்கிட்டயாவது அண்ணனோட பெரிய தலைக்கு ஆகுற ஹெல்மெட் இருக்கா?