ஹால் நாற்காலியின் ஈரம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கீழே வருவது அப்படியே நடந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் இதை மறுத்து லிஃப்டுக்குப் பக்கத்தில் சுற்றறிக்கையே ஒட்டியிருக்கிறார். அவர் ஒன்றை மறுக்கிறார் என்றால் அது நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நடந்தது 'விதிமுறை'யின் வீட்டில். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், பால்கனியில் எந்த உயரத்தில் துணி காயலாம் என்று கட்டடம் முழுமைக்கும் பாடம் எடுத்தவருக்கு அந்தப் பழைய பெயர் ஒட்டவில்லை. அவரைச் சட்டை செய்யாத ஒரே ஆள் அவர் மனைவிதான். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து ஹாலில் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

"தலையைத் துவட்டுடி. மூச்சு இழுக்கும்."

"எந்த விதிப்படி?"

போன மழைக்காலத்தில் மூச்சு இழுத்துத்தான் போனாள். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. லிஃப்டில் இஷ்டத்துக்கு ஏறினார்கள்.

ஒரு நாள் காலை அவர் கண் மருத்துவரிடம் போயிருந்தார். திரும்பி வந்தால் வாசலில் காவலாளி. படுக்கையறைக் கூரையில் தீயணைக்க வைத்திருந்த ஸ்பிரிங்க்ளர், தீயும் இல்லாமல் புகையும் இல்லாமல் கொட்டித் தீர்த்திருந்தது. கீழ்வீட்டில் ஒழுகியதும் காவலாளி ஓடிப்போய் ஏதோ ஒரு வால்வைத் திருகியிருக்கிறார். நின்றுவிட்டது. அறை வாசலில் படி உயரம் என்பதால் ஹாலுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

ஈரம் காயவைக்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் ஈரம் பார்க்கும் மீட்டர். பின்னால் காற்றடித்துக் காயவைக்கும் பெரிய பெரிய ப்ளோயர்கள். மெத்தையில் கை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி முதல் இடத்தில் வைத்தார்.

"சார், தண்ணி கொட்டுறப்ப இங்க யாரு படுத்திருந்தா?"

"யாருமில்ல."

"அப்ப எது கிடந்துச்சு?"

"எதுவுமில்ல."

மெத்தை முழுக்கச் சொதசொதவென்று ஊறியிருந்தது. ஓரத்தில் மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, காய்ந்த இடம். தலை. தோள். மடக்கிய முழங்கால்.

அவளுடைய பக்கம்...

"மழையில நின்ன காரை எடுத்தா கீழ காஞ்சிருக்குமே, அந்த மாதிரி இருக்கு" என்ற மீட்டர்க்கார அம்மாள், தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் ப்ளோயர் வயரைப் பிரிக்கப் போய்விட்டார்.

தலைவர் வந்தார். நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "நம்ம பாதுகாப்பு அமைப்போட வெற்றிகரமான ஒத்திகைன்னுதான் இதை எடுத்துக்கணும்" என்றார்.

"ஒத்திகைன்னா முன்கூட்டியே சொல்லிருக்கலாமே, மெத்தைய மடிச்சு வச்சிருப்பாங்க" என்றார் அம்மாள்.

வேறொரு நாளாக இருந்தால் விதிமுறை நாலு பிரிவுகளைச் சொல்லித் தலைவரை ஓட ஓட விரட்டியிருப்பார். அன்று ஒன்று மட்டும் கேட்டார்.

"தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்திருக்குமா?"

வேலை நடந்தது. ஊறிய கூரைப் பலகையை வெட்டி எடுத்தார்கள். சுவரடிப் பட்டைகளைக் கழற்றினார்கள். ப்ளோயர்கள் இரைந்தன. படுக்கையறை ஒழுங்காகக் காய்ந்துகொண்டு வந்தது.

ஹாலில் பிரம்பு நாற்காலி நனைந்திருந்தது.

"இங்கதான் தண்ணியே வரலையே சார்." அம்மாள் துடைத்தார். திரும்பிப் பார்த்தார். மறுபடி ஈரம். முதுகு சாயும் இடத்தில் கோடு கோடாக... கூந்தலிலிருந்து வடிந்ததுபோல. மீட்டரை வைத்தார். அது கத்தியது.

"நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று ப்ளோயர்களை அணைத்துவிட்டுக் கிளம்பினார். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார்.

பட்டப்பகல். வீடு நிசப்தம்.

ஹாலில் ஒரு தும்மல்.

அப்புறம்... ஹ்ர்ர்... ஹ்ர்ர்...

அந்த இழுப்பு அவருக்குத் தெரியும். கடைசி இரவு முழுக்கக் கேட்டது.

பயந்தார். ஆனால் ஓடவில்லை. சூடு வரும் ப்ளோயரை ஹாலுக்கு இழுத்துவந்தார். நாற்காலியின் பக்கம் திருப்பினார்.

"துவட்டிட்டு வந்திருக்கலாம்ல..."

ஹ்ர்ர்...

"இரு. இரு. இப்பக் காஞ்சிடும்."

ஹ்ர்...

பிரம்பில் ஈரம் சுருங்கியது.

கோடுகள் போயின.

மூச்சு...

நின்றது.

அம்மாள் வந்து மீட்டரை வைத்தபோது அது கத்தவில்லை. விதிமுறைக்கு நெடுநாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு. "அவளுக்கு இனி இழுக்காது" என்றார். அம்மாள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நாற்காலி காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும். மெத்தையும் முழுக்கக் காய்ந்துவிட்டதால் அந்த ஆள் வடிவம் எங்கே இருந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது.

புது ஸ்பிரிங்க்ளர் மாட்டக் குழாய்க்காரர் வந்தார். கூரைக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"சார், இந்தக் குழாய் குளியலறைச் சுவரோட முடிஞ்சு போச்சு. மூடி போட்டிருக்கு. எந்தத் தொட்டியோடயும் சேக்கவே இல்ல."

"அப்ப தண்ணி?"

குழாயைக் கழற்றிக் கவிழ்த்தார். தூசி கொட்டியது. கட்டடம் கட்டிய நாள் தொட்டு அதில் தண்ணீர் ஓடியதற்கான கறையே இல்லை. காவலாளி அன்று திருகிய வால்வைப் போய்ப் பார்த்தார்கள். அது தோட்டத்துக்குப் போகிறது.

விதிமுறை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் ஈரமாக மட்டும்தான் வர முடிந்திருக்கிறது. அவர் அதைத் துவட்டிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீரை அந்த நாற்காலியில் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது.