சிரிக்க மறுத்த டைப்பிஸ்ட் அக்கா

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் கணினி வகுப்புக்குப் போனேன். சனிக்கிழமை பாடம் முடிந்ததும் விளையாட விடுவார்கள். எங்களுக்குப் பிடித்தது ஒரு வேடிக்கைக் கதை விளையாட்டு. கதை ஆங்கிலத்தில் திரையில் ஓடும். அதில் நாம் அரண்மனைச் சமையல்காரர். ராஜா ஜோக் சொல்வார். ஒன்றாம் எண்ணை அமுக்கினால் சிரிக்கலாம், மந்திரி ஆகலாம். இரண்டை அமுக்கினால் சிரிக்காமல் நிற்கலாம். உடனே விரட்டிவிடுவார்கள், ஆட்டம் முடிந்துவிடும். இதைவிடச் சிரிப்பான விளையாட்டு இல்லை என்பது எங்கள் எல்லோருடைய கருத்து.

எங்களோடு படிக்கப் பக்கத்துப் புந்தோங்கிலிருந்து வரும் டைப்பிஸ்ட் அக்கா ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. நாங்கள் தாண்டிப் போகும் வரிகளையும் உதடசைத்து முழுதாகப் படிப்பார். படித்துவிட்டு இரண்டை அமுக்குவார். வாராவாரம் இதேதான்.

“ஒன்ன அமுக்குங்கக்கா. சிரிச்சா மந்திரி ஆயிரலாம்லா,” என்றேன்.

“எனக்குச் சிரிப்பு வரலையே.”

“சும்மா கேம்தானே?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ரப்பர் தோட்டத்துல வெள்ளக்காரத் தொர ஏதாச்சும் சொன்னா எங்கப்பா சிரிப்பாரு. தொர பேசுற இங்கிலீசு அவருக்குப் புரியாது. ஆனாலும் சிரிப்பாரு. எனக்குப் புரியுது தம்பி. நான் சிரிக்க மாட்டேன்.”

முதலிலிருந்து தொடங்கி மறுபடி இரண்டையே அமுக்கினார்.

அவர் போனபின் அதே நாற்காலியில் உட்கார்ந்து ராஜாவின் ஜோக்கைப் படித்தேன். இருபது முறையாவது மந்திரி ஆகியிருப்பேன். முழுதாகப் படித்தது அன்றுதான். சமையல்காரனின் கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் ஜோக் அது. அதற்குத்தான் அத்தனை முறையும் சிரித்திருக்கிறேன்.