கோமளம் டீச்சரும் எட்டாவது ஆணியும்

எட்டு. இந்த நம்பர மனசுல வெச்சிக்கோங்க. சுவத்துல எட்டு படம் மாட்டினா ரூமு. ஒண்ணு கொறஞ்சாலும் பூட்டு.

சொன்னவரு சிங்காரம். மாமல்லபுரத்துக்கு வடக்கால ஒரு குப்பத்துல மீனவர் சங்கத் தலைவரு. கேட்டுகினவங்க கோமளம், செங்கல்பட்டுல டிராயிங் டீச்சரு. எழுவத்தி நாலுல நடந்தது.

ஸ்கூல்ல கோமளத்துக்கு வேலை மாம்பழமும் கொடமும் வரைய வெக்கிறது. வருசம் பூரா அதே மாம்பழம், அதே கொடம். அதனால ஊரே தூங்குற ஞாயித்துக்கெழம, திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ஸு புடிச்சி குப்பத்துக்கு வருவாங்க. மீன் விக்கிற பொம்பளைங்களுக்கு சங்கத்து ரூமுல பேஸ்டல் சொல்லிக் குடுக்க. மனசுக்குப் புடிச்ச வேலைன்னு அவங்களுக்கு இருந்தது அந்த ரூமு ஒண்ணுதான்.

பேஸ்டல்னா கலர் குச்சி. பாக்க சாக்பீஸ் மாதிரி இருக்கும், தொட்டா மாவா ஒட்டும். பிரஷ்ஷும் வேணாம், தண்ணியும் வேணாம்.

"மீன் விக்கிறவளுக்கு இன்னாத்துக்கு படம்?"னு ஒருத்தன் கேட்டான்.

"உனக்கு எதுக்குப்பா சினிமா?"ன்னாங்க கோமளம். அவன் அப்புறம் அந்தப் பக்கமே வரல.

மொத நாளு பொம்பளைங்க குச்சியப் புடிச்சது கத்தி புடிக்கிற மாதிரி. அழுத்தின அழுத்துல பாதி குச்சி பொடியாப் போச்சி. அதுல ஒருத்தி குப்பம்மா. கோமளம் அவ வெரலப் புடிச்சி, "படுக்கப் போட்டு மெல்ல தடவுங்க"ன்னாங்க.

"கொயந்தைக்கு பவுடர் போடுற மாதிரியா?"

"அதேதான்."

கொஞ்ச நாள்ல காகிதத்துல கடலு வந்துச்சி, கட்டுமரம் வந்துச்சி, சிங்காரத்தோட மீசையும் வந்துச்சி.

அப்போதான் சிங்காரம் ரூமுல வலை வெக்கணும்னு கெளம்பினாரு. டீச்சரு விடல. கடைசியில, "செரி, வர்ற ஞாயித்துக்கெழம எட்டு படம் மாட்டிக் காட்டு, பாக்கலாம்"னாரு. கோமளம் ஒத்துகினாங்க. வரைஞ்சி வெச்சிருந்த எட்டு படத்தயும் தரையில பரத்தி வெச்சி, "தொடாதீங்க, ஊதாதீங்க, கலரு பறந்துடும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்த ஞாயித்துக்கெழம வந்து பாத்தா, குப்பம்மா பக்கெட்டும் கையுமா நின்னுகினு படத்து மேல தண்ணி தெளிச்சிகினு இருக்கா.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"வாடிப் போயி கீது டீச்சரம்மா. கூடையில மீனுக்குத் தெளிக்கலன்னா எவ வாங்குவா? பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான்."

தப்பு யாரு மேல? தொடாதன்னு சொன்னாங்க, ஊதாதன்னு சொன்னாங்க. தண்ணி தெளிக்காதன்னும் சொல்லணும்னு டீச்சருக்குத் தோணல. மீன்கூடை சொமந்திருந்தா தோணியிருக்கும்.

கோமளம் கத்தல. படத்தயெல்லாம் வெயில்ல போட்டு ஓரத்துல கல்லு வெச்சாங்க. காஞ்சதும், "அதுமேலயே மறுபடி கலரு போடுங்க"ன்னாங்க. எல்லாரும் குந்திகினு தடவினாங்க. ஒண்ணு மட்டும் ஊறிப்போயி, தூக்கும்போதே கிழிஞ்சிச்சி. குப்பம்மாவோடது. எட்டாவது ஆணிய விட்டுட்டு மிச்ச ஏழுலயும் படத்த மாட்டினாங்க.

சிங்காரம் கஞ்சி போட்ட வெள்ளைச் சொக்காயில வந்தாரு. வெரல நீட்டி எண்ணினாரு.

"ஏழுதான் கீது."

"ஒண்ணு கிழிஞ்சிடுச்சு."

"கிழிஞ்சதுக்கு நான் இன்னா பண்றது? சாவியக் குடு டீச்சரம்மா."

கோமளம் கெஞ்சல. பேச்சுன்னா பேச்சுதான். சாவிய எடுத்து நீட்டினாங்க. சிங்காரம் படம் மாட்டின சுவத்துல நல்லா சாஞ்சிகினு வாங்கி, வாசப்பக்கம் திரும்பினாரு.

ரூமே சிரிச்சிது.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

"அண்ணாத்த, உன் முதுவப் பாரு"ன்னா குப்பம்மா. "கடலு கீது, கட்டுமரம் கீது. சுவத்துல கீறத எண்ணிட்ட. சொக்காயில கீறத எவன் எண்ணுவான்?"

சிங்காரம் சொக்காயக் கழட்டி விரிச்சிப் பாத்தாரு. பெருசா நீலம், நடுவுல மரக்கலரு. மூஞ்சி இறுகிச்சி. அப்புறம் அந்த மீசை லேசா ஆடிச்சி. காலியாக் கெடந்த ஆணியில சொக்காய மாட்டினாரு. சாவிய டீச்சரு கையில போட்டுட்டு, பனியனோட நின்னு, மொதல்லேருந்து மறுபடி எண்ணினாரு.

எட்டு.