போட்டில் என் இடம்

என் அம்மா என்னைப் புரிந்துகொண்ட வேகத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

எனக்குப் பெண்களைப் பிடிக்காது, ஆண்களைத்தான் பிடிக்கும், கல்யாணப் பேச்சை விட்டுவிடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அத்த மின்னாடியே சொல்லக்கூடாதா? என் பக்கத்துல மீன் விக்கறா இல்ல, அவளாட்டம் நீயும் நல்லா இருப்ப" என்றாள். அம்மா சொன்னது மார்க்கெட்டில் இருக்கும் திருநங்கை அக்காவை. அவர்மேல் அம்மாவுக்கு மரியாதை அதிகம்.

அவ்வளவுதான், நான் பெண்ணாகிவிட்டேன். சாயந்திரத்துக்குள் அண்ணனிடமும் சொல்லிவிட்டாள். ஃபைபர் போட் அண்ணனுடையது; மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே நான் அதில் வலை இழுக்கிறேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் போட்டில் ஏறுவதில்லை. கடலுக்குப் போவது ஆண்கள், கரைக்கு வந்த மீனை விற்பது பெண்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. என் இடத்துக்கு எண்ணூரிலிருந்து ஓர் ஆளைப் பேசிவிட்டு, "நீ இனிமே அம்மாகூட கடைக்குப் போ" என்றான்.

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். இவர்கள் பாசமாக அல்லவா என்னைக் கடலிலிருந்து இறக்கிவிட்டார்கள்! எனக்குத் தெரிந்த ஒரே தொழில் போனது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் மீன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, "வாடி, குந்து" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"நான் ஆம்பளதாம்மா!"

"ஆம்பளன்னா இன்னாத்துக்கு உனக்கு ஆம்பளைய புடிக்குது?"

வஞ்சிரம் வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இன்னாக்கா நீ? யார புடிக்கும்ன்றது வேற, ஆம்பளயா பொம்பளயான்றது வேற. எனக்கு யாரையுமே புடிக்காட்டியும் நான் பொம்பளதான? அவன் ஆம்பளன்றான். அவனுக்குத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நானும் போட்ல போனவதான். பொடவ கட்னதும் ஏத்தமாட்டேன்னாங்க. இப்பவும் கடலப் பாத்தா வயிறு எரியுது. நீ இன்னாத்துக்கு வுடற?"

அவர் கடலுக்குப் போனவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாவமாக இருந்தது.

மீன் தீர்ந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நேராகக் கரைக்குப் போனாள். அண்ணன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஆம்பளதான்டா. நாளைக்கு ஏத்திக்கோ."

"அப்ப பொண்ணு பாக்கலாமா?"

"வோணாம். அவனுக்கு ஆம்பளையத்தான் புடிக்கும்."

அண்ணன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதாவது புரிந்ததா என்று தெரியவில்லை.

"வல இழுப்பான்ல?"

"இழுப்பான்."

"அப்ப வரச் சொல்லு."

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். லாரிகளுக்காக ரோட்டோரம் நின்றபோது என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"எவனயாச்சும் புடிச்சா வூட்டுக்கு இட்டுகினு வா. ஆனா கடலுக்குப் போறவன் மட்டும் வோணாம்டா. உனக்கும் உங்கண்ணனுக்கும் இன்னா ஆவுமோன்னு பயந்துகினு கீறதே எனக்குப் போதும்."