அப்பாவுக்காக நான் வைத்த கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறை மேசையில் கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைப்பேன். ஐந்து மாத மகளை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நான் இருப்பேன். அப்பா தன் கதிரையைக் கமராவில் விழாத தூரத்தில் போட்டுக்கொள்வார். திரையில் யாழ்ப்பாணத்து வீட்டின் ஓர் அறையில், கட்டிலில் அம்மா தெரிவார். பாரிசவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு வலப்பக்கம் இயங்குவதில்லை, பேச்சும் இல்லை. கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருப்பவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அழைப்பு நடக்கும்போது அப்பா ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, முகத்தைக் காட்டவும் கூடாது என்பது மாமாவின் நிபந்தனை. மாமா கெட்டவர் அல்ல. பயந்தவர். நானும் அப்படித்தான் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஓர் அரசாங்க வர்த்தமானி வெளியானது. வெளிநாட்டில் இருந்துகொண்டு, தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்கு ஆதரவு கொடுத்தவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் அதில் இருந்தது. பட்டியலில் உள்ளவரின் சொத்து முடக்கப்படும். அவர் நாட்டுக்குள் வந்தால் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கலாம். அவரோடு தொடர்பு வைத்திருப்பவர்களையும் விசாரிக்கலாம். நான்காவது பக்கத்தில் அப்பாவின் பெயரும் பிறந்த திகதியும், சுவிசில் லாங்கன்தால் ஊரின் ஒரு விலாசமும் இருந்தன.

அப்பா முப்பது வருடம் இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டியவர். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று எது நடந்தாலும் கதிரை அடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மேடையில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பட்டியலைத் தொடக்கத்தில் எல்லோரும் பகிடியாகத்தான் எடுத்தார்கள். தமிழ்க் கடையில் ஒருவர் அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“அண்ணை, இவ்வளவு காலமும் எங்களுக்குத் தெரியாமல் பெரியாளா இருந்திருக்கிறியள். இனி உங்களைக் கதிரை தூக்கக் கூப்பிடேலாது.”

“அப்ப நீ தூக்கு,” என்றார் அப்பா. கடை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் வெண்டிக்காயைப் பொறுக்கிக்கொண்டு குனிந்து நின்றேன்.

ஏனென்றால் அந்த விலாசம் எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தைத் திருத்திய காலத்தில் நாங்கள் எட்டு மாதம் மட்டும் இருந்த தற்காலிக வீடு அது. அங்கே இருந்தபோது எனக்குப் பதினான்கு வயது. என்னைப் போன்ற பிள்ளைகள்தான் அப்போது வீட்டின் கடிதப் போக்குவரத்து முழுவதையும் பார்த்தோம். காப்புறுதிக்குப் பதில் எழுதுவோம், வீட்டுக்காரருக்கு முறைப்பாடு எழுதுவோம், அப்பாமார் வேலையில் நின்றால் அவர்களின் கையெழுத்தையும் நாங்களே வைப்போம். அதைப் பிழையென்று ஒருவரும் சொன்னதில்லை. நான் அப்பாவின் கையெழுத்தை அவரைவிட வடிவாக வைப்பேன் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவார்.

அந்த வருடக் கார்த்திகையில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நிகழ்ச்சியை லாங்கன்தாலில் நடத்த விரும்பினார்கள். ஒழுங்கு செய்தவர்கள் பேர்ணிலும் சூரிச்சிலும் இருந்தவர்கள். ஊரில் வசிப்பவரின் பெயரில்தான் மண்டபம் கொடுப்போம் என்றது கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகம். அவர்களில் இரண்டு அண்ணாமார் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பின்னேர வேலையில் நின்றார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நான் டொச் மொழியில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொல்லி, நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி, கீழே அவருடைய கையெழுத்தை வைத்தேன். ஊரில் பகிரும் அறிவித்தல் துண்டில் போடுவதற்கு ஒரு தொடர்பு விலாசமும் கேட்டார்கள். அதையும் எழுதிக் கொடுத்தேன். கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் மண்டபம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

பட்டியலுக்கு அந்த விலாசம் அந்தத் துண்டிலிருந்துதான் போனதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. வேறு வழியிலும் போயிருக்கலாம். இப்படி எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போன வருடம் மாமாவின் மகளுக்குக் கலியாணம். அப்பா போக முடியாது என்பதால் அம்மா தனியே போனார். போன மூன்றாவது கிழமை பாரிசவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து மாமா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விமானத்தில் ஏற்ற முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அப்பா அன்றே கடவுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு அவரே அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

நான் போயிருக்கலாம். இரண்டு முறை பயணச்சீட்டுப் பதிந்து இரண்டு முறையும் ரத்துச் செய்தேன். முதல் முறை ஏழு மாதக் கர்ப்பம். இரண்டாவது முறை மகளுக்கு ஆறு கிழமை. என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். நான் சுவிஸ் பிரஜை, ஒன்றும் நடக்காது என்று கணவர் சொன்னார். மாமா வர வேண்டாம் என்றார். நான் மாமாவின் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையைச் சாட்டித் தப்பினேனோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

மாமா பாடசாலை அதிபர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. தொடக்கத்தில் அப்பா தினமும் அவருக்கு அழைப்பெடுப்பார். ஒருநாள் இரண்டு பேர் பாடசாலைக்கு வந்து, சுவிசிலிருந்து யார் கதைப்பது என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மாமா அப்பாவின் இலக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. என் கைபேசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் நானும் பிள்ளையும் மட்டும் என்றார்.

பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் படிவம் ஒன்று உண்டு என்று அறிந்து, அதை இறக்கி அச்செடுத்தேன். பிள்ளை நித்திரையான ஒரு பின்னேரம் அப்பாவும் நானும் மேசையில் இருந்து நிரப்பினோம். ஆறாவது கேள்வி, அமைப்போடு எப்போது சேர்ந்தீர்கள் என்று இருந்தது. ஏழாவது, தொடர்பை எப்போது துண்டித்தீர்கள். ஒருபோதும் சேரவில்லை என்று எழுத அதில் இடம் இல்லை.

அந்த இடத்தில்தான் நான் கதையைச் சொன்னேன். மண்டபத்தையும் துண்டையும் கையெழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் அண்டைக்கு வீட்டில நிண்டிருந்தாலும் வைச்சிருப்பன்தானே,” என்றார்.

அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“காலமை மண்டபத்தில கதிரை அடுக்கினனான், பின்னேரம் கழுவித் திருப்பி வைச்சனான். அண்டைக்குச் சேந்து அண்டைக்கே விட்டதெண்டு எழுது பிள்ளை.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உண்மை அதுதான், எழுதியிருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் நான் படித்தவள், எதையும் யாரிடமாவது கேட்டுச் செய்பவள். கொழும்பில் ஒரு வழக்கறிஞருக்கு அழைத்தேன். ஒரே நாள் என்று எழுதினால் கேலி செய்வதாக எடுப்பார்கள், வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள், நம்பக்கூடிய ஒரு காலத்தைப் போட்டு இப்போது திருந்திவிட்டேன் என்று எழுதினால் வழி இருக்கும் என்றார். நான் நான்கு வருடம் என்று எழுதினேன். அப்பா வாசிக்கவில்லை.

“எதில வைக்கிறது?” என்று மட்டும் கேட்டார். நான் விரலால் காட்டிய இடத்தில் மெதுவாகத் தன் கையெழுத்தை வைத்தார். அது நான் வைத்ததைப் போல வடிவாக இல்லை.

கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான்கு வருடம் இயக்கத்தில் இருந்தேன் என்று அப்பாவின் சொந்தக் கையெழுத்தோடு ஒரு தாள் மட்டும் இப்போது கொழும்பில் இருக்கிறது. முன்பாவது அவர்களிடம் இருந்தது ஒரு பிள்ளை எழுதிய விலாசம். அந்தத் தாள் வேறு எந்த நாட்டுக்குப் போகும், இங்கேயே ஒருநாள் யாராவது அதை மேசையில் வைத்துக் கேள்வி கேட்பார்களா, என் மகளின் காலத்திலும் அது இருக்குமா என்று பால் கொடுக்கும்போதெல்லாம் நினைப்பு ஓடுகிறது. கணவர் அதிகம் யோசிக்காதே என்கிறார். யோசிக்காமல் ஒருமுறை எழுதினேன், யோசித்து ஒருமுறை எழுதினேன். யோசித்து எழுதியதுதான் கூடுதல் கெடுதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மிகவும் மெலிந்து தெரிந்தார். கண்கள் திரையில் நிற்காமல் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா, இங்கே பாருங்கோ, பேத்தியைப் பாருங்கோ என்று நான் கூப்பிட்டேன். மகள் என் மடியில் வழுக்கிச் சரிந்தாள். பக்கத்தில் இருந்த அப்பா சட்டென்று கையை நீட்டி அவளைப் பிடித்தார். திரையில் முழங்கை வரைக்கும்தான் தெரிந்தது. தொழிற்சாலையில் நுனி போன சுட்டுவிரல் உள்ள கை அது.

அம்மாவின் கண்கள் கூரையிலிருந்து இறங்கின. அந்தக் கையில் நின்றன. இடப்பக்க உதடு அசைந்தது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல் அல்ல. அப்பா கையை எடுக்கவில்லை. வாயை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். திரை ஆடியது, மாமாவின் சேட்டுத் தெரிந்தது, பிறகு இணைப்பு அறுந்தது.

பத்து நிமிடத்தில் மாமாவிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி மெல்லக் கதைத்திருந்தார்.

“பிள்ளை, குறை நினையாதை. இண்டைக்குப் பக்கத்து வீட்டாக்களும் வந்து நிண்டவை. அடுத்தமுறை கையும் வேண்டாம்.”

அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவதா, அழித்துவிடுவதா என்று நான் தடுமாறிக்கொண்டு நின்றேன். அவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார், கேட்டுவிட்டார். போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கைபேசியைச் சாய்த்து வைத்தபோது, அப்பா தன் கதிரையைத் தூக்கி ஒரு முழம் பின்னால் தள்ளிப் போட்டார். பிறகு யோசித்துவிட்டு, இன்னும் ஒரு முழம்.